ஒன்றரை லட்சம் ரூபாய்த் தூண்டிலும் எங்கட குளத்து விராலும்

எங்கட நாலு பேர் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் இரவு ஒரு படம் வந்து விழுந்தது. கறுப்பு நிறத் தடி. கைபிடியில் தக்கை. நுனி ஊசிபோல மெல்லிசு. படத்துக்குக் கீழே விலை, ஐந்நூறு டொலருக்குக் கொஞ்சம் மேலே. அதற்கும் கீழே எங்கட கூட்டாளி எழுதியிருந்தான்: "அம்மாவின்ர சங்கிலியை அடகு வைச்சு எடுக்கப் போறன். ஆறு மாசத்தில மீட்டிடலாம். என்னடா சொல்லுறியள்?"

அன்றிரவு ஒருவரும் பதில் போடவில்லை. ஒருவன் மட்டும் நெருப்பு இமோஜி ஒன்றைத் தட்டிவிட்டுப் படுத்துவிட்டான். அடுத்த நாள் காலையில்தான் கணக்குப் பார்த்தோம். டொலரை 300 ரூபாயாக எடுத்தால் ஒன்றரை லட்சம். கன வருசமாக மாதம் 5,000 ரூபாயாக இருந்த மகாபொலக் காசில் முப்பது மாதக் காசு. இறக்குமதிச் செலவு இதில் இல்லை. றீல் இல்லை, நூல் இல்லை. வெறும் தடி.

இந்தக் கட்டுரை அவனுக்கு நாங்கள் அன்றைக்கே தந்திருக்க வேண்டிய பதில். நாங்கள் தூண்டில் நிபுணர்கள் இல்லை. மாங்குளத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வளர்ந்து, இப்போது யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்தில் படிக்கிற ஆட்கள். ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. ஒரு பக்கம் வவுனிக்குளம், மறுபக்கம் முத்தையன்கட்டு, வடக்கே இரணைமடு, நடுவில் பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக எத்தனையோ சின்னக் குளங்கள். மீள்குடியேறி வந்த முதல் வருசங்களில் எங்கட வீடுகளில் கறி எண்டால் அது பெரும்பாலும் குளத்து மீன்தான். அதனால் தூண்டிலைப் பற்றி ஒரு கருத்துச் சொல்ல எங்களுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது எண்டு நினைக்கிறோம்.

இந்தத் தடி யாருக்காகச் செய்யப்பட்டது?

விலைகூடிய தூண்டில் தடிகளை ஒப்பிடுகிற காணொளிகளை நாங்களும் நிறையப் பார்த்திருக்கிறோம். ஷிமானோ, டைவா, மெகாபாஸ், ஜி. லூமிஸ், சென்ற் குறோய் எண்டு பெயர்கள் ஓடும். அவற்றில் அனேகமானவை ஒரே ஒரு மீனை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த மீனின் பெயர் பாஸ். வட அமெரிக்க நன்னீர் மீன். பெரிய வாய், பச்சை உடம்பு, பக்கத்தில் கறுப்புக் கோடு. எங்கட குளங்களில் அது இல்லை. கொடுவாவையும் ஆங்கிலத்தில் பாஸ் எண்டு சொல்லுவார்கள்தான். ஆனால் அது வேறு குடும்பம், களப்பில் வாழ்கிற மீன்.

அமெரிக்காவில் பாஸ் பிடிப்பது விளையாட்டு மட்டும் இல்லை, பெரிய வியாபாரமும்கூட. றே ஸ்கொற் என்பவர் 1968 இல் பாஸ் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1971 இல் பாஸ்மாஸ்ரர் கிளாசிக் போட்டி ஆரம்பமானது. போட்டியாளரின் படகில் பத்துப் பன்னிரண்டு தடி வரிசையாகக் கிடக்கும். ஆழத்தில் இழுக்கிற இரைக்கு ஒன்று, மேலே துள்ளுகிற இரைக்கு ஒன்று, புல்லுக்குள் போடுகிற றப்பர்ப் புழுவுக்கு இன்னொன்று. அங்கே ஒரு தடிக்கு ஒரு வேலை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் விலையை மட்டும் பார்த்தால், கூடின விலை எண்டால் கூடின மீன் எண்டு நினைக்கத் தோன்றும். எங்கட கூட்டாளி அங்கேதான் நின்றான். உண்மையைச் சொன்னால் நாங்களும் அங்கேதான் நின்றோம்.

காசு எங்கே போகிறது?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். விலைகூடிய தடியில் ஏமாற்று இல்லை. காசு போகிற இடங்கள் உண்மையானவை.

முதலாவது, காபன் நார். தூண்டில் தடியின் வரலாறு மூங்கிலில் தொடங்கி, 1940களின் இறுதியில் கண்ணாடி நாருக்கு வந்து, 1973 இல் ஃபென்விக் கொம்பனி விற்பனைக்கு விட்ட தடியோடு காபனுக்கு மாறியது. சாதாரண காபன் நார் கண்ணாடி நாரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பானது. அதே அளவுக்கு எடுத்தால் எடையும் மூன்றில் ஒரு பங்கு மட்டில் குறைவு. விலைகூடிய தடியில் இதைவிடவும் விறைப்பான காபன் பாவிப்பார்கள். விறைப்புக் கூடக் கூடத் தடியின் சுவரை மெல்லிசாக்கலாம், எடை இன்னும் குறையும்.

இரண்டாவது, நூல் ஓடுகிற வளையங்கள். யப்பானின் ஃபூஜி கொம்பனி செய்கிற சிலிக்கன் காபைட் வளையம், ரைற்றேனியச் சட்டம். சாதாரண வளையத்தில் பின்னல் நூல் நாளடைவில் கோடு போட்டுவிடும். பிறகு அந்தக் கோடே நூலை அறுக்கும். நல்ல வளையத்தில் அந்தப் பிரச்சினை இல்லை.

மூன்றாவது, உணர்வு. காணொளிகளில் எல்லாரும் சொல்லுகிற சொல் இதுதான். பாஸ் சில வேளைகளில் றப்பர்ப் புழுவை உறிஞ்சி, பிடிக்கவில்லை எண்டு உடனே துப்பிவிடும். அந்த ஒரு கணத்தில் நூலில் வருகிற மெல்லிய 'டிக்' கைக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் வெட்டி இழுக்கலாம். விறைப்பான, எடை குறைந்த காபன் அந்த 'டிக்'கை அப்படியே உள்ளங்கைக்குக் கொண்டுவருகிறது. ஐம்பது டொலர்த் தடிக்கும் ஐந்நூறு டொலர்த் தடிக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் பெரிய பங்கு இந்த 'டிக்'குக்குத்தான் கொடுக்கப்படுகிறது.

இனி எங்கட கேள்வி. எங்கட குளத்தில் அந்த 'டிக்' வருமா?

குளக்கட்டில் மூன்று தடி

தை மாத விடுமுறையில் எங்களில் ஒருவனின் பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பாஸ் பிடிக்கிற பைத்தியம். ஒன்ராறியோ ஏரிகளில் பாஸ் தாராளம், கோடை விடுமுறையில் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போகிற எங்கட ஆட்களும் அங்கே இருக்கினம். பெட்டிக்குள் அடங்காத நீளமான குழாய் ஒன்றில் தன் தடியைக் கொண்டுவந்திருந்தார். எங்கட கூட்டாளி கேட்ட அதே தரத்துத் தடி. கொம்பனிப் பேரைச் சொல்ல மாட்டோம். பின்னால் நடந்தது கொம்பனியின் பிழை இல்லை.

இரண்டாவது தடி, பட்டினத்துக் கடையில் றீலோடு சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு நாங்கள் முன்னம் வாங்கிய, பெயர் தெரியாத கண்ணாடி நார்த் தடி. மூன்றாவது, வளவில் வெட்டின மூங்கில். நுனியில் தங்கூசி, ஒரு மிதவை, ஒரு முள்.

இரண்டு நாள் காலையும் பின்னேரமும் ஊருக்குக் கிட்ட உள்ள ஒரு சின்னக் குளத்தில் நின்றோம். குளம் நிறைந்து, தாமரை இலை பாதித் தண்ணியை மூடியிருந்தது. கண்டவை இவை.

எறிவதில் கனடாத் தடிக்குக் கிட்ட ஒன்றும் நிற்க முடியாது. தாமரை இலைகளுக்கு நடுவில் ஒரு பானை வாய் அளவு இடைவெளி. றப்பர்த் தவளையை அதற்குள் விழுத்த வேண்டும். கனடாத் தடி சொன்னபடி கேட்டது. கண்ணாடி நார்த் தடி எறிந்த பிறகும் ஆடிக்கொண்டே நின்றது, தவளை அடிக்கடி இலைக்கு மேல் போய்க் குந்திக்கொண்டது. ஒரு மணித்தியாலம் எறிந்த பிறகு கை நோவதிலும் வித்தியாசம் தெரிந்தது. எங்கட கூட்டாளி கனடாத் தடியை வாங்கிக்கொண்டு போனவன் ஒரு மணித்தியாலமாகத் திருப்பித் தரவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தபோது அடகுக் கடை யோசனை எங்கிருந்து வந்தது எண்டு எங்களுக்கு விளங்கியது.

ஆனால் 'டிக்' வரவில்லை. விரால் அப்படித் தின்பதில்லை. தவளை தண்ணிக்கு மேலே நீந்திப் போகும், திடீரெனப் 'பொளக்' எண்டு தண்ணி வெடிக்கும். கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். கட்டில் மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும். அதைக் கைக்குச் சொல்லுவதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய்த் தடி தேவையில்லை. மண்புழு போட்டு திலாப்பியாவுக்கோ கெளுத்திக்கோ காத்திருந்தால் மிதவை ஆடும், அமிழும். அங்கேயும் கண்தான் வேலை செய்கிறது.

விரால் அடித்த பிறகு தேவைப்படுவது வேறு. மீன் நேரே தாமரைத் தண்டுக்குள் ஓடும். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் கதை முடிந்தது. அதற்கு முன்னம் தலையைத் திருப்பி வெளியே இழுக்க வேண்டும். அதற்கு அடிப்பக்கம் பலமான தடி, தடித்த பின்னல் நூல், வளையாத முள், இறுக்கிப் பிடிக்கிற றீல் வேண்டும். நாங்கள் தவறவிட்ட மூன்று மீனில் ஒன்றுகூடத் தடியால் தவறவில்லை. ஒன்று பழைய நூல் அறுந்து போனது. மற்ற இரண்டும் மலிவு முள் நிமிர்ந்து போனது.

அந்த இரண்டு நாளில் கூட மீன் பிடித்தது மூங்கில்தான். எல்லாம் திலாப்பியா. ஒப்பிட்டது நியாயமில்லை எண்டு எங்களுக்கும் தெரியும், அது வேறு மீன், வேறு இரை. ஆனால் பின்னேரம் சட்டிக்குள் விழுந்தது அதுதான்.

ஒரு துண்டாக வருகிற தடியும் மோட்டார் சைக்கிளும்

இனி உடைந்த கதை. பாஸ் தடிகளில் நல்லவை எண்டு சொல்லப்படுபவை பெரும்பாலும் ஒரே துண்டு, ஏழு அடி மட்டில். அமெரிக்காவில் பிக்கப் வாகனத்தின் பின்னாலோ படகிலோ கிடந்து போகும். எங்களிடம் இருந்தது மோட்டார் சைக்கிள். பின்னால் இருந்தவன் தடியை ஈட்டிபோலப் பிடித்துக்கொண்டிருந்தான். குளத்துக்குப் போகிற ஒழுங்கையில் பாலைக் கொப்பு ஒன்று தாழ்ந்து நின்றது. பெரிய அடி இல்லை. ஒரு தட்டு. நுனியில் ஒரு சாண் முறிந்து தொங்கியது.

விறைப்பான காபனின் மறுபக்கம் இது. வளைவைத் தாங்கும், ஆனால் பக்கத்தால் விழுகிற அடியை அந்த மெல்லிய சுவர் தாங்காது. கண்ணாடி நார்த் தடி இதே ஒழுங்கையில் எத்தனை கொப்பில் அடிபட்டிருக்கிறது எண்டு எங்களுக்குக் கணக்கில்லை. வட அமெரிக்காவில் சில கொம்பனிகள் முறிந்த தடிக்குக் குறிப்பிட்ட காசு வாங்கிக்கொண்டு புதுசு அனுப்புகிற திட்டம் வைத்திருக்கின்றன. மாங்குளத்திலிருந்து ஏழடித் தடியைத் திருப்பி அனுப்ப எவ்வளவு போகும்? அண்ணா சிரித்துக்கொண்டே "பரவாயில்லை விடுங்கோடா" எண்டார். எங்களுக்குச் சிரிக்க முடியவில்லை. அது அடகுக் காசில் வாங்கிய தடியாக இருந்திருந்தால் எண்டு நாலு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். கூட்டாளி ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காபன் மின்சாரத்தைக் கடத்தும். இடி முழங்கும்போது குளக்கட்டில் காபன் தடியை உயர்த்திக்கொண்டு நிற்காதேங்கோ. மின்கம்பிக்குக் கீழே நின்று எறியாதேங்கோ. மாரி காலத்தில் எங்கட பக்கம் இது விளையாட்டுக் கதை இல்லை.

அப்ப எதை வாங்கலாம்?

எங்கட முடிவு இது. கண்ணாடி நாரும் காபனும் கலந்து செய்த, அடி தாங்குகிற தடி ஒன்று. அமெரிக்காவில் அக்லி ஸ்டிக் எண்ட வகைத் தடிகள் ஐம்பது டொலர் மட்டில் போகின்றன. எங்கட காசுக்குப் பதினைந்தாயிரம். விராலுக்கு எண்டால் ஏழடி மட்டில், 'ஹெவி' எண்டு எழுதின தடி. பஸ்ஸில் போகிறவர்கள் கட்டாயம் இரண்டு துண்டாகக் கழற்றுகிற தடியை எடுங்கோ. மிச்சக் காசை நல்ல பின்னல் நூலுக்கும் முள்ளுக்கும் போடுங்கோ. தடி மீனைத் தொடுவதில்லை, முள்தான் தொடுகிறது. வளையங்களைப் பஞ்சுத் துண்டால் துடைத்துப் பாருங்கோ. பஞ்சு எங்காவது மாட்டினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அது உங்கட நூலை அறுக்கும்.

மூங்கிலைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம் எண்டும் சொல்லுகிறோம். ஒரு காலத்தில் உலகத்துப் பணக்காரத் தூண்டில்காரர் எல்லாரும் பிடித்ததும் மூங்கில்தான். தென்சீனத்தின் ஒரு வகை மூங்கிலை ஆறு கீற்றாகச் சீவி, ஒட்டி, அறுகோணத் தடியாக்குவார்கள். கையால் செய்த அந்தத் தடிகள் இப்போதும் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகின்றன. எங்கட வளவு மூங்கில் அதற்குச் சமம் எண்டு சொல்ல வரவில்லை. மூங்கில் எண்டால் ஏழைத் தூண்டில் எண்டு நினைத்து அதை ஒளித்து வைக்கிற எங்கட வெட்கத்தைத்தான் சொல்லுகிறோம்.

பாஸ் பிடிப்பவர்களின் உலகத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1932 யூன் 2 ஆம் திகதி, பெருமந்த காலத்தில், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி எண்ட இருபது வயதளவான விவசாயி ஒருவர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். பத்துக் கிலோவுக்கு மேலே. அன்றைக்கு அவரும் நண்பரும் ஒரே ஒரு தூண்டிலையும் ஒரே ஒரு செயற்கை இரையையும் மாறி மாறிப் பாவித்தார்கள் எண்டு சொல்லப்படுகிறது. மீனை நிறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அதன்பிறகு கண்ணாடி நார் வந்தது, காபன் வந்தது, போட்டிகள் வந்தன. 77 வருசம் கழித்து, 2009 இல் யப்பானின் பிவா ஏரியில் மனபு குரிற்றா எண்டவர் பிடித்த மீன்தான் அந்த எடையைத் தொட்டது. அதுவும் சமநிலை எண்டுதான் பதிவானது. அந்தச் சாதனையில் பாதி இன்னும் கடன் வாங்காத ஒரு விவசாயியின் தூண்டிலிடம் இருக்கிறது.

சிவப்பாகக் கொதித்த தண்ணி

இதுவரைக்கும் சொன்னது காசுக் கதை. எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்தது வேறு ஒன்று.

தடி முறிவதற்கு முதல் நாள் பின்னேரம். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு இடத்தில் தண்ணி சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுக் கீழே போகும். கீழே தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும். காணொளிகளில் இதைப் பார்த்தவுடன் கத்துவார்கள், ஏனெண்டால் இதைவிட நிச்சயமான இடம் இல்லை. நாங்களும் கத்தினோம். கனடாத் தடி தவளையைக் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தது. இரண்டாவது எறிக்கு வெடித்தது. இரண்டு கிலோ வரும். படம் எடுத்தோம். நாலு பேரும் எடுத்தோம்.

அந்தக் குளத்தில் வலை போடுகிற ஐயா ஒருவர் கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்ட வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"தம்பியவை, அது பசியில அடிக்கேல்ல. பிள்ளையளுக்குக் கிட்ட வந்ததெண்டு அடிச்சது. இனி அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தி பார்த்துக்கொள்ளும்."

நாங்கள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அரை மணித்தியாலத்துக்குள் அந்தச் சிவப்புக் கலைந்துபோனது. தண்ணி அங்கங்கே துள்ளியது. மீனைத் திருப்பி விடலாம் எண்டு ஒருவன் சொன்னபோது அது வாளிக்குள் வாயைத் திறந்தபடி கிடந்தது. விரால் காற்றைக் குடித்து உயிர் வாழ்கிற மீன், கனநேரம் தாங்கும். கொண்டுபோய் விட்டோம். அது தன் குஞ்சுகளிடம் திரும்பிப் போனதா எண்டு தெரியாது.

இரவு சாப்பிடும்போது அண்ணாதான் தொடங்கினார். "கனடாவில இப்பிடிச் செய்ய ஏலாது. பிடிபட்டா ஃபைன்." பாஸும் விராலைப் போலத்தான். ஆண் மீன் கூட்டைக் காத்து நிற்கும், கிட்ட வருகிறது எதுவெண்டாலும் அடிக்கும். அதனால் தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளில் யூன் மாத நடுப்பகுதி தாண்டும்வரை பாஸ் பிடிக்கத் தடை. பிறகும் ஒரு ஆள் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளக்கூடியது ஆறு மீன். குறைந்த கட்டண அனுமதிப்பத்திரம் எண்டால் இரண்டு. பதினெட்டு வயது தாண்டினால் பத்திரம் இல்லாமல் தூண்டில் போட முடியாது. இதெல்லாம் அவருக்குப் பாடம்.

"அப்ப ஏன் இண்டைக்கு எறிஞ்சனீங்கள்?" எண்டு அவருடைய சித்தி, அதாவது எங்கட கூட்டாளி ஒருவனின் அம்மா, கேட்டா.

"இங்க ஒருத்தரும் கேக்க மாட்டினம்தானே சித்தி" எண்டார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும்தான்.

எங்கட கருத்து இந்த இடத்தில்தான் நிற்கிறது. பாஸ் பிடிக்கிற உலகத்திலிருந்து நாங்கள் தடியை எடுத்துவிட்டோம். றீலை எடுத்துவிட்டோம். றப்பர்த் தவளையை, தொப்பியை, மீனைக் கமராவுக்கு நீட்டிப் பிடிக்கிற விதத்தைக்கூட எடுத்துவிட்டோம். எடுக்காதது அந்தத் தடியோடு அங்கே சேர்ந்து வருகிற கட்டுப்பாட்டை. அதற்கு ஒரு சதமும் செலவில்லை, சுங்கத் தீர்வையும் இல்லை.

எங்கட பக்கத்தில் கட்டுப்பாடே இல்லை எண்டு சொல்ல முடியாது. உள்நாட்டு நீர்நிலைகளில் 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலை போடக் கூடாது எண்டு விதி இருக்கிறது. வலை போடுகிற ஆட்கள் சங்கமாக இருந்து, குளத்தில் மீன்குஞ்சு விடுகிற வேலையிலும் சேருகிறார்கள். விடப்படுவது பெரும்பாலும் திலாப்பியாவும் கட்லா, றோகு போன்ற கெண்டை இனங்களும். திலாப்பியாவே 1950களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீன்தான். விரால் அப்படி இல்லை. அது இந்த மண்ணின் மீன். அதற்குக் குஞ்சு விட யாரும் வருவதில்லை, அதுவே பெருக்கி அதுவே காக்க வேண்டும். அதைக் காவலில் நிற்கும்போது பிடிக்கிற ஆட்கள் விடுமுறைக்கு வந்த நாங்கள். அந்தக் குளத்தில் சீவிக்கிற ஐயாவுக்கு வலைக்கண் அளவு இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2002 இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் குளம் ஒன்றில் வடசீனப் பக்கத்து விரால் இனம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டபோது, முழுக் குளத்துக்கும் நஞ்சு போட்டு அதை அழித்தார்கள். அங்கே அந்த மீன் வந்தேறி, அதைப் பிடித்தால் கொல்லு எண்டு சொல்லுகிறார்கள். யப்பானில் நேர்மாறு. 1925 இல் கொண்டுபோய் விட்ட பாஸ் அங்கே உள்ளூர் மீன்களைத் தின்று, 2005 இல் ஆக்கிரமிப்பு இனமாக அறிவிக்கப்பட்டது. ஒரே மீன் ஓரிடத்தில் சொத்து, இன்னோரிடத்தில் எதிரி. ஆகவே காணொளியில் யாரோ ஒருவர் விராலை எப்படி நடத்துகிறார் எண்டு பார்த்து நாங்கள் நடக்க முடியாது. அவர் எந்தத் தண்ணிக்கு முன்னால் நின்று பேசுகிறார் எண்டு முதலில் பார்க்க வேண்டும்.

எங்கட நாலு பேரின் ஒப்பந்தம்

பெரிய இயக்கம் ஒன்றும் தொடங்கவில்லை. வட்ஸ்அப் குழுவில் நாலு விசயம் எழுதி மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். குஞ்சோடு நிற்கிற விராலுக்கு எறிவதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு விராலுக்கு மேல் கொண்டுபோவதில்லை. வலை கட்டியிருக்கிற பக்கம் எறிவதில்லை. அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டுவிட்டு வருவதில்லை, அது மாட்டின் காலிலும் கொக்கின் காலிலும் சுற்றுகிறது. நாலாவதை ஐயா சொல்லித்தான் சேர்த்தோம்.

இதை வாசிக்கிற நீங்கள் கேட்கலாம், நாலு பேர் எறியாமல் விட்டால் குளம் நிறைந்துவிடுமா எண்டு. நிறையாது. ஆனால் எங்கட பக்கம் தூண்டில் காணொளி போடுகிற தம்பிமார் இப்போது கூடிக்கொண்டு வருகினம். குஞ்சுக் கூட்டத்துக்கு எறிகிற காணொளிதான் கூடப் பார்க்கப்படுகிறது எண்டு அவைக்குத் தெரியும். அந்தக் காணொளிக்குக் கீழே "குஞ்சோட நிக்கிறதை விடுங்கோ தம்பி" எண்டு பத்துப் பேர் எழுதத் தொடங்கினால் அது ஒரு தொடக்கம். உங்கட ஊரில் இதற்கு முந்தி ஏதாவது வழக்கம் இருந்ததா, எந்த மாதம் பெரியவர்கள் தூண்டில் போடாமல் விட்டார்கள் எண்டு கேட்டு எங்களுக்கு எழுதுங்கோ. எங்கட வயதுக்காரர் பலருக்குக் குளத்தைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போன வருசங்கள் இருந்தன. இப்போது கேட்டால் சொல்ல ஆட்கள் இன்னும் இருக்கினம்.

கூட்டாளியின் கதைக்கு வருவோம். சங்கிலி அம்மாவின் கழுத்தில்தான் இருக்கிறது. நாலு பேரும் காசு போட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் மூலம் அந்தப் பதினைந்தாயிரத்துத் தடி ஒன்றை எடுப்பித்தோம். இரண்டு துண்டு. முறை வைத்துப் பாவிக்கிறோம். முறிந்த கனடாத் தடியின் நுனியை வெட்டி, புது வளையம் ஒட்டி அவன் வைத்திருக்கிறான். ஒரு சாண் கட்டையாகி, விறைத்துப்போய், பழைய மாதிரி எறிய வராது. எண்டாலும் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டான்.

வேலை கிடைத்து முதலாவது சம்பளம் வந்தவுடன் புதுசு ஒன்று வாங்குவேன் எண்டு இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறான். வாங்கட்டும். அது நல்ல தடி, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்கையில் அந்தப் பாலைக் கொப்பை முதல் வெட்டிவிட வேண்டும் எண்டு மட்டும் அவனிடம் சொல்லியிருக்கிறோம்.